நாலாம் பாட்டுக்கு முந்தின மூச்சு

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி எண்ணெய் மில்லில் இனாமாகக் கொடுத்தது. அட்டையில் நிலக்கடலைச் செடி. ஒரு மாதமாக மேஜை ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் துடைத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் யுவராஜ் சார்.

"அக்கா, நீங்க வாயில சொல்றதெல்லாம் காத்துல போயிருது. கேட்டதை அன்னன்னிக்கு வீட்ல எழுதி வைங்க. சனிக்கிழமை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"நான் நாலாங்கிளாஸுங்க சார். என் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

"நீங்கதானே படிக்கப் போறீங்க? எங்க கிளறுச்சுன்னு கோழிக்குத் தெரியுமில்லீங்க?"

என்னையே கிண்டல் செய்கிறார். நான் பழக்கிவிட்டதுதான்.

என் பேர் துளசிமணி. வயது நாற்பத்தொன்பது. கோயமுத்தூர் கணபதியில் சாருடைய பட்டறையில் வேலை. பட்டறை என்றால் லேத்து, மோட்டார் எல்லாம் இல்லை. காதுக்குள் செருகுகிற இயர்போன் செய்கிறோம். மேடையில் பாடுகிறவர்கள் போடுவது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கிற வசதியானவர்களும் வாங்குவார்கள். அவரவர் காதை அச்செடுத்து, அந்த அளவுக்கே ஓடு வார்த்து, ஒரு காதுக்கு எட்டுப் பொடி ஸ்பீக்கர் வைத்து மூட வேண்டும். ஜோடி அறுபதாயிரம். "அந்தக் காசுக்கு என் ரெண்டு காதையும் அறுத்தே தந்துருவேன்" என்று வருகிறவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள்.

ஓட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலைக்குத்தான் வந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் சார் புது இயர்போன் ஒன்றைக் கொடுத்து, "சும்மா கேட்டுப் பாருங்கக்கா" என்றார். அவரிடம் சோதனைக்கென்று பன்னிரண்டு பாட்டு உண்டு. அதில் நாலாவது, ஒரு அம்மா வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாகப் பாடுவது. பாடத் தொடங்குமுன் மூச்சை உள்ளே இழுப்பாள். அந்த மூச்சுக்கே என் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. சார் என் கையையே பார்த்தார். "மெஷின் அளந்து எல்லாம் சொல்லுது. ஆனா மெஷினுக்குப் புல்லரிக்காதுங்களே" என்றார்.

அன்றிலிருந்து எந்த மாடலும் கடைசியில் என் கைக்கு வரும். மயிர் நின்றால் பாஸ். பெட்டி மூடிக்குள் ஒரு சீட்டு இருக்கும், அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ரேஷன் கடையோடு நின்றுகொண்டிருந்த கையெழுத்து இப்போது விமானம் ஏறிப் போகிறது.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று எதுவும் கேட்கவில்லை. இருபது ஓடு தேய்த்தேன். வீட்டில் பீர்க்கங்காய்ப் பொரியல். உப்புப் போட்டேனா இல்லையா என்று தின்னும்போதும் தெரியவில்லை. தின்று முடித்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

காது அச்செடுக்கும் வேலையும் என்னுடையதுதான். இன்று ஒரு தம்பி வந்தான், கல்யாணங்களில் கீபோர்டு வாசிக்கிறவன். முதலில் விளக்கடித்துக் காதைப் பார்க்க வேண்டும். நூல் கட்டின பஞ்சை உள்ளே தள்ள வேண்டும். வாயை இத்தனை திறந்து வைத்திருக்க ஒரு சின்னக் கட்டையைப் பல்லில் கடிக்கக் கொடுக்க வேண்டும். பிறகு ரோஸ் நிறப் பசையை ஊசிக்குழாயால் காது நிறைய விட வேண்டும். அது இறுகும்வரை ஐந்து நிமிஷம் ஆடாமல் உட்கார வேண்டும்.

அந்த ஐந்து நிமிஷம் எனக்குத் திருவிழா. காது இரண்டும் அடைத்திருக்கிறது, வாயில் கட்டை. எதிரில் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "ஏண்டா தம்பி, காதுக்குள்ள இத்தனை அழுக்கை வெச்சுட்டு எப்படிடா சுதி சேர்க்கற? விதைச்சா ராகி முளைக்கும் போல" என்றேன். கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பாவம்.

நன்றாக அடைத்துவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. இதை நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடமும் சொன்னேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ரசத்துக்குச் சீரக டப்பாவைத் தேடினேன். நானே வைத்த டப்பா, எனக்கே கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிற நாளில் பட்டறைக்கு நாலு போன் போடுவார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார லீவு. சீரகம் எங்கே, சீப்பு எங்கே, தேங்காய்த் துருவி எங்கே. "உங்க கண்ணு எங்கங்க?" என்று கேட்டு வைத்துவிடுவேன். ரெஜினா சிரிப்பாள். ரெஜினா எங்கள் பட்டறைப் பெண், பூதக்கண்ணாடிக்குக் கீழே பொடி ஸ்பீக்கருக்கு ஒயர் பற்றவைக்கிறவள்.

சீரகம் இல்லாமலே ரசம் வைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு பிரவீணா போன் செய்தாள். என் மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, கட்டிக்கொடுத்ததும் அங்கேதான்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"மாத்திரை?"

"போட்டேன் அம்மணி. உன் மாமியார் இன்னும் சீரியலைப் பாத்துட்டு உன்ன மொறைக்குதா?"

"வெக்கறேம்மா."

முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவாள். அவள் அப்பா போன ஆகஸ்டிலிருந்து இவ்வளவுதான். காரியம் முடிந்து கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா செத்த அன்னிக்குக்கூட நீ வந்தவங்ககிட்டச் சிரிச்சுப் பேசிட்டிருந்தம்மா. ஒரு சொட்டு விட்டியா நீ?"

விடவில்லை. அவள் சொன்னது சரிதான். அன்றைக்குப் பாடை பக்கத்தில் அவருடைய சித்தப்பா வேட்டி தடுக்கிச் சாயப் போனார். "ஏனுங் மாமா, அவரோட ஒட்டுக்கா போயிரலாம்னு அவசரமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் வாய் அப்படி. அது பாட்டுக்கு ஓடுகிறது. மற்றது எதுவும் ஓடவில்லை.

துணி துவைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கேட்டது: புது மாடல், இரண்டு விதம். ஒன்றுக்குப் பச்சை ஓடு, ஒன்றுக்கு ஊதா ஓடு. உள்ளே இருக்கிற ஸ்பீக்கரெல்லாம் ஒரே மாதிரிதான், சத்தத்தைச் சேர்த்த விதம் வேறு. சென்னையில் ஒரு பாட்டுக் குழு பன்னிரண்டு ஜோடி கேட்டிருக்கிறது. மார்ச் முதல் வாரம் அவர்கள் ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்புகிறார்கள். இது நல்லபடி அமைந்தால் அந்தக் குழுவைப் பார்த்து இன்னும் பத்துக் குழு வரும். அமையாவிட்டால் சார் கடையை மூடிவிட்டு மாமனாரின் பம்பு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். ரெஜினாவும் நானும் தெருவுக்கு. பச்சையா, ஊதாவா. அதுதான் கேள்வி.

கேட்கிற அறையில் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. ஏசி இரைகிறது என்று அணைத்துவிடுவார். எதிரே உட்கார்ந்து மேஜை விளக்கைத் திருப்பி என் வலது கைமேல் அடிப்பார், கறிக்கடையில் உரித்த கோழியைப் பார்க்கிற மாதிரி.

இடது கை மேஜைக்கு அடியில். அதில் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஐஸ் கட்டி.

எழுதிவிட்டேன். சனிக்கிழமை இந்தப் பக்கத்தைப் படிக்கக் கூடாது.

ஆகஸ்டுக்குப் பிறகு என் கை மயிர் எழவே இல்லை. அக்டோபரில் ஒரு மாடல் வந்தது. நாலாம் பாட்டில் அந்த அம்மா மூச்சு இழுத்தாள், பாடினாள், முடித்தாள். எனக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. கை மொழுக்கென்று கிடந்தது. சார் விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். "நாளைக்குப் பார்ப்போம்க்கா" என்றார், முகம் சுண்டிப்போய். மறுநாள் பசையும் பிசினும் வைக்கிற பிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்தேன். இடது கையில் ஐஸைப் பிடித்தால் வலது கையிலும் மயிர் நிற்கும். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகக் கண்டுபிடித்தது. டிசம்பரில் வந்த மாடலுக்கும் அப்படியே.

இன்று முதலில் பச்சை. ஐஸ் புதுசு. மயிர் நின்றது. ஊதா வருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. நிற்கவில்லை.

"அப்ப பச்சைங்களா?" என்றார் சார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கையைக் கேளுங்க சார். நான் யாரு சொல்றதுக்கு?"

வெளியே வந்ததும் ரெஜினா பார்த்துவிட்டாள். "என்னக்கா, சேலை முன்னாடி நனைஞ்சிருக்கு?"

"வயசாச்சுல்ல கண்ணு. அடக்க முடியறதில்லை."

"ச்சீ, போங்க்கா" என்று சிரித்தாள். அப்புறம் பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.

பிப்ரவரி 12, வியாழன்

பச்சையில் எட்டு ஜோடி மூடியாயிற்று. எட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

பிப்ரவரி 14, சனி

சாருக்குப் படித்துக் காட்டினேன். பத்தாம் தேதிப் பக்கத்தைத் தாண்டி, அங்கேயே ஒன்றைச் சமைத்துச் சொன்னேன்: "பச்சையில அந்தம்மா பக்கத்துல வந்து பாடுதுங்க, ஊதாவுல அடுத்த ரூமுல." அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பிரவீணா இன்றைக்குக் கொஞ்சம் அதிகம் பேசினாள். அவருக்கு வருகிற வாரத்தோடு ஆறு மாதம் முடிகிறது.

"அப்பா போனை இன்னிக்கு எடுத்துப் பார்த்தேன்மா. பதினொண்ணு அஞ்சு, பதினொண்ணு ஏழு, பதினொண்ணு பத்து. மூணு தடவை உனக்குக் கூப்பிட்டிருக்காரு."

"காதை அடைச்சிருந்துச்சு அம்மணி. புது மாடல் கேட்டுட்டிருந்தேன். போன் பைக்குள்ள. எனக்கு எப்படிக் கேக்கும்?"

"தெரியும்மா. நீ அப்பவே சொல்லிட்ட."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

பன்னிரண்டு மணிக்கு எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்துதான் அவரைப் பார்த்தாள். சமையல்கட்டில் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில், அரை மணி முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அப்படித்தான் சொல்வார்கள் போல. எல்லாருக்கும் அதையே சொல்வார்கள் போல.

அன்றைக்குப் பிறகு போனை மடியை விட்டு இறக்குவதில்லை. குளிக்கும்போது சோப்பு டப்பா மேல் வைக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சென்னைக் குழுவில் மற்றவர்கள் அச்சை அங்கேயே எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் ஈரோட்டில் கச்சேரி முடித்துவிட்டு நேராக வந்தாள். பேர் அருள்மொழி. நாற்பது வயதிருக்கும். பின்பாட்டுப் பாடுகிறவள். பயணக் களைப்பில் கண் உள்ளே போயிருந்தது. காதில் விளக்கடித்துப் பார்த்தேன், அழகான காது, வளைவே இல்லாமல் நேர்ரோடு. பஞ்சு வைத்து, கட்டையைக் கடிக்கச் சொல்லி, பசையை விட்டேன்.

எதிரில் உட்கார்ந்தேன். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்தது வேறு.

"ஏனம்மா, உங்களுக்குப் போட்டுத் தர்ற பச்சை இருக்குதே, அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. என் கையில மயிர் நின்னுச்சுன்னு சார் நம்பிட்டாரு. அது ஐஸ் கட்டி. எனக்கு எந்தப் பாட்டுக்கும் ஒண்ணும் ஆறதில்ல. ஆறு மாசமாச்சு. வீட்டுக்காரர் போனாரு, அன்னிக்கும் இந்த மாதிரிதான் காதை அடைச்சு உக்காந்திருந்தேன், போன் அடிச்சது கேக்கல. அழுவாச்சியும் வரல. மரத்துப்போன காலு மாதிரி உடம்பு முழுக்க இருக்குது. கிள்ளிப் பாத்தாச்சு."

நடுவில் மடியில் போன் அடித்தது. கை இரண்டிலும் பசை. எடுக்க முடியவில்லை. கேஸ் கம்பெனி நம்பர்தான். அடித்து ஓய்ந்தது.

ஐந்து நிமிஷம் முடிந்து அச்சை உருவினேன். கட்டையை எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் சொல்லவாக்கா? தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு."

நான் சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான்.

"அடைச்சா சத்தம் குறையும், அவ்வளவுதான். கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். ஆனா கேக்கும். உங்க போன் அடிச்சதுகூடக் கேட்டுச்சு."

"மூணு வருஷமா எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கேன். யாரும் சொன்னதில்லையே."

"வாயில கட்டை இருந்தா எப்படிக்கா சொல்லுவாங்க? எங்க ட்ரம்ஸ்காரன் இங்கதான் முன்னாடி எடுத்தான். அவன்தான் சொன்னான், கோயம்புத்தூர்ல ஒரு அக்கா காதை அடைச்சுட்டு நம்மளைத் திட்டுவாங்க, கேக்காத மாதிரியே உக்காந்திரு, செம ஜாலியா இருக்கும்னு."

எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. ராகி முளைக்கும் என்றது, மூக்கைச் சொன்னது, முடியைச் சொன்னது, எல்லாம். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

அருள்மொழி என் பசைக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பாட்டுக் கேட்டுப் புல்லரிச்சு ஏழு வருஷம் ஆச்சுக்கா. தினம் மூணு மணி நேரம் மேடையில நிக்கறேன், ஒண்ணும் ஆகாது. ஆனா சுதி விலகுனா தெரியும். பக்கத்துல இருக்கறவ மூச்சு எங்க எடுக்கறான்னு தெரியும். வேலைக்கு அது போதும். உங்க காது செத்துப் போகலைக்கா. சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா மூணு மணி நேரம் அதைப் போட்டுக்கப் போறது என் காது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைத்தேன். எதற்கு என்று மறந்துவிட்டது. அணைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

வேலைக்குப் போகவில்லை.

பழைய சாம்பிள் ஒன்று வீட்டில் கிடந்தது. ஆகஸ்டில் கேட்ட அதே மாடல். என் காது அளவுக்கே வார்த்தது. இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு நாலாம் பாட்டைப் போட்டேன். சார் சோதனைப் பாட்டையெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். என் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி நாற்காலிக்குக் கீழே வைத்தேன். பாப்பாத்தி அக்காவிடம், "உங்க வீட்ல இருந்து எனக்கு மூணு தடவை போன் போடுங்க, விட்டு விட்டு" என்றேன். "எதுக்கு துளசி, பைத்தியமா?" என்றாள். "ஆமாங்க்கா, ரொம்ப நாளா" என்றேன்.

கேட்டது: பழைய மாடல். நாலாம் பாட்டு. வெளியே போன் மணி.

மூன்று தடவையும் கேட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

யாரும் வருமுன் பட்டறையைத் திறந்தேன். ஐஸ் எடுக்கவில்லை. விளக்கைப் போடவில்லை. பச்சையையும் ஊதாவையும் மாற்றி மாற்றிப் பன்னிரண்டு பாட்டும் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று தெரிந்தே கேட்டேன். எது எப்படி இருக்கிறதோ அதை மட்டும் எழுதினேன்.

பச்சை: அந்த அம்மா 'ஸ' சொல்லும்போதெல்லாம் குக்கர் விசில் கிளம்பப் போகிற மாதிரி ஒரு சீறல். பாடுமுன் இழுக்கிற மூச்சு மூச்சாக இல்லை, கேஸ் கசிகிற மாதிரி இருக்கிறது. ஜால்ரா நகக்கண்ணில் குத்துகிறது. எட்டாம் பாட்டுக்கு மேல் காதுக்குள் புளிப்புத் தின்ற பல் மாதிரி ஒரு கூச்சம்.

ஊதா: மூச்சுக்கு முன் உதடு பிரிகிற சத்தம்கூட இருக்கிறது. அவள் எதிரே இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். மிருதங்கத்தின் இடது பக்கம் தோல் என்று தெரிகிறது. பன்னிரண்டும் கேட்ட பிறகும் காது அலுக்கவில்லை.

சார் வந்ததும் அதை அப்படியே படித்தேன். அப்புறம் பத்தாம் தேதிப் பக்கத்தையும் படித்தேன்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"மூணு வருசமாவே ஐஸுங்களா?"

"இல்லீங்க சார். அக்டோபர்ல இருந்துதான். அதுக்கு முன்னாடி எல்லாம் நிஜம்."

"எட்டு ஜோடி மூடியாச்சுங்கக்கா."

"தெரியுங்க."

"எனக்கு முதல்ல இருந்தே ஊதாதான் பிடிச்சிருந்துச்சு. மெஷினும் அதைத்தான் சொல்லுச்சு. உங்க கை பச்சைன்னு சொன்னதால, என் காதுல ஏதோ கோளாறுன்னு ஒரு வாரமாத் தூங்கல நானு. டாக்டர்கிட்டக்கூடக் காட்டிட்டு வந்தேன்."

இதற்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன். அவர் கேட்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரெஜினா என்னைப் பார்க்கவில்லை. ஒயரைப் பற்றவைத்துக்கொண்டே, "நான் ஐஸ் தட்டைப் பாத்தப்பவே கேட்டிருக்கோணும்க்கா" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

எட்டு ஜோடியையும் உடைத்தோம். ஓட்டைச் சின்னக் கிடுக்கியில் வைத்து அழுத்த வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு அடிபடாமல். நூற்றிருபத்தெட்டுப் பொடி ஸ்பீக்கர். ஒன்பது செத்துப்போனது. நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கின ஓடு. உடைகிற சத்தம் முறுக்குக் கடிக்கிற மாதிரி. எட்டுச் சீட்டையும் கிழித்தேன்.

சார் மூன்று வார்த்தை பேசினார். கிடுக்கி, மெதுவாக, போதும்.

பிப்ரவரி 21, சனி

படித்துக் காட்டச் சொல்லவில்லை. நானும் போய் நிற்கவில்லை. ஊதா ஓடு தேய்த்தேன். இரண்டாம் தேதிக்குள் பன்னிரண்டும் முடியும் என்று ரெஜினா சொன்னாள், ஞாயிறும் வந்தால்.

மூன்று மணி இருக்கும். சார் கேட்கிற அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"இதுல வலது பக்கம் என்னமோ அமுங்குன மாதிரி இருக்குதுங்கக்கா. சித்த கேளுங்க."

போனேன். மேஜைமேல் விளக்கு இல்லை. எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார். அவர் என் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டேன். வலது பக்கத்தில் மூச்சு அரை விரல்கடை பின்னால் இருந்தது. சொன்னேன். திறந்து பார்த்தால் சத்தம் வருகிற பொடிக் குழாயில் ஒரு துளி பிசின்.

"செரிங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நாளைக்கு ஞாயிறு.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒன்பது மணிக்கு அவள் கூப்பிடுவாள். எட்டேகாலுக்கு நானே போட்டேன்.

"என்னம்மா, என்னாச்சு?" என்று பதறினாள். நான் போன் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

"ஒண்ணும் ஆகல அம்மணி. நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத. பேசுனீன்னா எனக்குக் கிண்டல் வந்துரும்."

"சொல்லு."

"அன்னிக்கு அப்பா கூப்பிட்டப்ப எனக்குக் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"மொதல் தடவை அடிச்சதே கேட்டுச்சு. சன்னமா, பைக்குள்ள இருந்து. சீரகம் எங்கன்னு கேக்கறதுக்குத்தான்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் கேட்டுச்சு. தேங்காய்த் துருவின்னு நினைச்சேன். மூணாவது தடவை அடிக்கறப்ப நாலாம் பாட்டு. அந்தம்மா மூச்சு இழுத்துச்சு, என் கை மயிரெல்லாம் நின்னுச்சு, சார் அதைப் பாத்துச் சிரிச்சாரு. அதை விட்டுட்டு எந்திரிக்க மனசில்ல. அடிச்சு ஓயட்டும்னு உட்டுட்டேன். காதை அடைச்சிருந்துச்சு, கேக்கலைன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னது பொய். அன்னிக்கு நின்ன மயிருதான் அம்மணி, அப்புறம் எதுக்கும் நிக்கல. அழுவாச்சியும் அதோட நின்னு போச்சு. நான் அழுகாம இருந்தது உங்கப்பா மேல பாசமில்லாம இல்ல. எனக்கு எதுவும் வர மாட்டேங்குது. இப்பக்கூட வரல. வந்த மாதிரி நடிக்க எனக்குத் தெரியும், ஐஸ் கட்டி போதும். உன்கிட்ட நடிக்கல."

சொல்லி முடித்தேன்.

வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. நொடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்து அழுத்தினேன்.

அங்கே குழாயில் தண்ணீர் சொட்டியது. தெருவில் ஒரு வண்டி போனது. எவர்சில்வர் பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தம். அப்புறம் சுவரோரமாகச் சரிந்து உட்கார்கிற சத்தம், வளையல் சுவரில் உரசியது. அவள் மூக்கு அடைத்திருந்தது. வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

என் கையைப் பார்த்தேன். மயிர் படுத்தபடிதான் கிடந்தது.

ஆனால் உதடு பிரிந்தது கேட்டது. பேசுவதற்கு மூச்சை உள்ளே இழுத்தாள். அதுவும் கேட்டது. என்ன சொல்லப் போகிறாளோ, எது சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.